ஏலக்காரர் வீட்டு ஏலம்

“கட்டாதேம்மா. அவுத்துடு,” என்றான் அண்ணன்.

அம்மாவின் கையில் பழைய படுக்கை விரிப்பிலிருந்து கிழித்த துணி இருந்தது. அதை அப்பாவின் தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் ஒரு முடிச்சுப் போட்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“வாய் திறந்துக்கும்டா.”

“துண்டைச் சுருட்டி அடியில வைப்போம். போர்வையைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டா தெரியாது. கட்டுப் போட்டா வர்றவங்க கண்ணு நேரா அங்கதான் போகும்.”

கட்டிலின் மறுபக்கத்தில் அவள் நின்றிருந்தாள். அண்ணனுக்கு இளையவள், அப்பாவுக்கு ஒரே மகள். அண்ணன் சொன்னது காதில் விழுந்ததே தவிர, மனசுக்குள் இறங்கச் சற்று நேரம் பிடித்தது. அப்பா போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. விடிகிற வேளையில் டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டித் தண்ணீர் கேட்டார். இரண்டு மடக்கு குடித்தார். டம்ளரை வாங்கி ஸ்டூலில் வைத்துவிட்டுத் திரும்பினாள். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒரு மனுஷன் இவ்வளவு சுருக்கமாகவும் போக முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

“அண்ணா, இன்னிக்கு வேண்டாம். தள்ளி வெச்சுடலாம்,” என்றாள்.

“எதுக்குத் தள்ளி வெக்கறது? அடுத்த தேதியில எவன் வருவான்? அப்பாவே என்ன சொல்வார்? தள்ளி வெச்ச ஏலம் ஊசிப்போன சோறு மாதிரின்னு சொல்ல மாட்டார்? மோந்து பாத்துட்டு நகர்ந்துடுவாங்க.” குரலை இறக்கிக்கொண்டான். “அதுவும் இப்ப எழவு விழுந்த வீடுன்னு பேராயிடும். பாதி பேர் வாசல்லயே திரும்பிடுவாங்க. மிச்சப் பேர் பாதி விலைக்குக் கேப்பாங்க. உனக்குத் தெரியாததா?”

தெரியும். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். முப்பது வருஷமாக ஊரான் வீட்டையும் நிலத்தையும் ஏலம் விட்டே சோறு போட்டவர் அப்பா. சாப்பாட்டு மேஜையில் மற்ற வீடுகளில் என்ன பேசிக்கொள்வார்களோ, இவர்கள் வீட்டில் எந்த மனை எவ்வளவுக்குப் போனது, எவன் கடைசி நிமிஷத்தில் கையை இறக்கினான் என்பதுதான் பேச்சு. வீட்டைப் பார்க்க ஆட்கள் வருகிற நாளுக்கென்று அப்பாவிடம் தனிச் சட்டமே உண்டு. ஜன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும். ஊதுவத்தி கூடாது, எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றிவிடும். நோயாளி இருந்தால் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். முக்கியமாக, அழுகிற ஆள் கண்ணிலேயே படக் கூடாது. “விக்கறவன் மூஞ்சியில சோகம் தெரிஞ்சா வாங்கறவனுக்குத் தைரியம் வந்துடும்” என்பார். எத்தனையோ வீடுகளில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்களைப் பேசிப் பேசிக் கொல்லைப்புறம் அனுப்பிவிட்டு வந்து ஏலத்தை ஆரம்பித்தவர் அவர். அதையெல்லாம் பெருமையாகவும் சொல்வார்.

இப்போது அவருடைய வீடு. பாதி அம்மா பேரில், பாதி பெரியம்மா பேரில். பெரியப்பா இறந்த பிறகு பெரியம்மா தன் பங்கைப் பணமாகக் கேட்டாள். கேட்டதில் தப்பில்லை, அவளுக்கும் வயதாகிறது. அந்தப் பங்கை வாங்கிக்கொள்ள இவர்களிடம் வழியில்லை. பேசிப் பார்த்து, சண்டை போட்டுப் பார்த்து, கடைசியில் ஏலத்துக்கே விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. ஐம்பது லட்சத்தைத் தாண்டிப் போனால் அம்மாவின் பங்கில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் தரைத்தளத்தில் இரண்டு அறை உள்ள ஒரு இடத்தை வாங்கிவிடலாம். அண்ணன் பேசி வைத்திருந்தான். மாடிப்படி கிடையாது. அம்மாவின் முழங்காலுக்கு அதுதான் முக்கியம். ஐம்பதைத் தொடவில்லையென்றால் அம்மா ஒரு மாதம் மகன் வீட்டிலும் ஒரு மாதம் மகள் வீட்டிலுமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். அண்ணி இந்த ஏற்பாட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவள் வாய் திறக்காதது எதற்கு என்று எல்லோருக்கும் புரிந்திருந்தது. இவளுடைய வீட்டிலோ மாமனார் மாமியாரே ஹாலில்தான் படுக்கிறார்கள்.

அம்மா துணியை அவிழ்த்தாள். சுருட்டிய துண்டைத் தாடைக்கு அண்டக் கொடுத்தாள். போர்வையை இழுத்துவிட்டு, நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினாள்.

“டாக்டரைச் சாயந்தரம் கூப்பிட்டுக்கலாம்,” என்றான் அண்ணன். “அவர் வந்து பாத்து எழுதிக் குடுத்துடுவார். அதுவரைக்கும் யாருக்கும் தெரிய வேண்டாம். ஏலம் கூவற தொண்டை சித்தப்பாவுக்கும் சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சா அங்கேயே உக்காந்து ஒப்பாரி வெச்சுடுவார்.”

ஆக, அப்பா சாயந்தரம்தான் சாகப் போகிறார். அவளுக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. அதையும் விழுங்கினாள்.

அண்ணன் மேஜை விசிறியைக் கட்டிலின் கால்மாட்டில் வைத்துத் திருகினான். காற்றில் போர்வை மெல்ல எழும்பித் தணிந்தது. மூவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மூச்சு விடுவது போலத்தான் இருந்தது.

“நீ இங்கேயே உக்காந்துக்கோ பாப்பா. யாரும் கிட்ட வராம பாத்துக்கோ,” என்று சொல்லிவிட்டு அண்ணன் வாசல் கதவை விரியத் திறக்கப் போனான். அவன் கண் சிவந்திருந்ததை அவள் அப்போதுதான் கவனித்தாள். முகத்தைக் கழுவிக்கொள் என்று சொல்ல நினைப்பதற்குள் போய்விட்டான்.

அம்மா தேய்த்த புடவையை உடுத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும்.

வீட்டைப் பார்க்க வந்தவர்கள் சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பார்த்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள், சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், கூரையை அண்ணாந்து பார்த்து ஈரம் இறங்கியிருக்கிறதா என்று தங்களுக்குள் முணுமுணுத்தார்கள். ஒரு புருஷனும் பெண்சாதியும் அறை வாசலில் நின்றபடியே உள்ளே அளவெடுத்தார்கள்.

“இந்தக் கட்டிலை எடுத்துட்டா இங்க பீரோ வெச்சுடலாம்ங்க,” என்றாள் அந்தப் பெண். பிறகுதான் கட்டிலில் ஆள் இருப்பது உறைத்தது போல நாக்கைக் கடித்துக்கொண்டு, “தூங்கறாரா?” என்றாள்.

“ஆமா. மாத்திரை குடுத்திருக்கு.”

“தூங்கட்டும், தூங்கட்டும். உடம்புக்கு முடியாதவங்களுக்குத் தூக்கம்தான் மருந்து.”

மாத்திரை என்றதுதான் இவள் சொன்ன முதல் பொய். முதல் தடவை சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அடுத்த ஆளுக்குச் சொல்லும்போது அவ்வளவு கஷ்டமாக இல்லை. அதற்கடுத்த ஆளுக்கு உதட்டில் விரலை வைத்துக் காட்டவே செய்தாள். அவர்கள் அவசரமாகப் பின்வாங்கி, நுனிக்காலில் நடந்து போனார்கள். தன்னிடம் இப்படி ஒரு சாமர்த்தியம் இருப்பது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆள் வராத நேரங்களில் போர்வைக்குள் கையை விட்டு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கை ஜில்லென்று இருந்தது. விரல்கள் மடங்க மறுத்தன. ஏலத்தில் விலை கேட்கிறவர்களை ஆள் ஆளாகச் சுட்டிக் காட்டிய விரல்கள். கணீரென்ற குரல் அவருக்கு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்து அறுத்தெடுத்தபோது குரலும் அதோடு போயிற்று. அதற்குப் பிறகு கூவுகிற வேலையைத் தன்னோடு இருந்தவரிடம் கொடுத்தார். குரல் பெரிதாக இருந்ததால் அந்த மனுஷருக்குத் தொண்டை என்று எப்போதோ அப்பாதான் பட்டப்பெயர் வைத்திருந்தார். தன் தொண்டை போய்விட்டது, கூலிக்குத் தொண்டை வைத்திருக்கிறேன் என்று காகிதத்தில் எழுதிக் காட்டிச் சிரிப்பார். ஏலம் நடக்கிற இடங்களுக்கு மட்டும் விடாமல் போவார். தொண்டைக்குப் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு கைத்தடியால் நாற்காலிக் காலைத் தட்டிக்கொண்டிருப்பார். அவளும் ஓரிரு தடவை பார்த்திருக்கிறாள். பெரியவர் தாளம் போடுகிறார் என்று எல்லோரும் சிரிப்பார்கள். வாய் போனாலும் கை சும்மா இருக்காது என்று அவளும்கூடச் சிரித்திருக்கிறாள். படுக்கையில் விழுந்த பிறகு கைத்தடி போய் டம்ளர் வந்தது. அதைக் கட்டில் கம்பியில் தட்டித்தான் கூப்பிடுவார்.

மதியத்துக்கு மேல் வந்தவரை அவளுக்குத் தெரியும். ஏலங்களில் அவருக்குப் பெயர் சூட்கேஸ். அப்பா நடத்திய எந்த ஏலத்திலும் முன்வரிசையில் இருப்பார். எப்போதும் மடியில் ஒரு பழுப்பு நிற சூட்கேஸ். அதில் பணம் இருக்கிறதா, மாற்றுத்துணி இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. அறை வாசலுக்கு வந்து நின்று கைகூப்பினார்.

“ஏலக்காரரே, உங்க வீட்டையே கேக்க வந்துட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

“தூங்கறார்ங்க.”

“இப்பவா? ஏலச் சத்தம் காதுல விழட்டும், எப்படி எழுந்திருக்கிறார் பாரும்மா.” பிரியமாகச் சிரித்தார். போகும்போது கதவு நிலையை ஒரு தடவை தடவிப் பார்த்தார். மரம் நல்ல மரம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவர் நல்ல விலைக்குக் கேட்பார். அவளுக்கு அந்த நம்பிக்கை வந்தது. அப்பா இதைப் பல தடவை சொல்லியிருக்கிறார்: சூட்கேஸ் கடைசியில்தான் கையைத் தூக்குவான், தூக்குவதற்கு முன்னால் பெட்டியின் பூட்டைத் தடவுவான், பூட்டில் கை இருக்கிறவரைக்கும் அவனிடம் இன்னும் மூச்சு இருக்கிறது என்று அர்த்தம்.

வெயில் சாயத் தொடங்கியதும் முற்றத்தில் வாடகை நாற்காலிகளை விரித்துப் போடுகிற சத்தம் கேட்டது. அறையின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. அண்ணன் வெளியிலிருந்து திரையை இழுத்துவிட்டான். ஒரு விரற்கடை இடைவெளி மட்டும் இருந்தது. அதன் வழியே தொண்டையின் முதுகு தெரிந்தது. அவருக்குப் பின்னால், ஜன்னலை ஒட்டி, ஒரு காலி நாற்காலி.

“இது எதுக்கு சித்தப்பா? எடுத்துடலாமே,” என்று அண்ணன் கேட்பது காதில் விழுந்தது.

“இருக்கட்டும் தம்பி. அண்ணன் வந்து உக்கார முடியாதுதான். ஆனா நாற்காலி இல்லாம எனக்கு வாய் வராது.” தொண்டை ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். “அண்ணே, ஆரம்பிக்கிறேன்.”

ஏலம் முப்பத்தைந்தில் ஆரம்பித்தது. ஆரம்பத்தில் விறுவிறுப்பாகவே போயிற்று. பீரோவுக்கு இடம் பார்த்த தம்பதி முப்பத்தெட்டுவரை வந்து நின்றுவிட்டார்கள். முகம் தெரியாத யாரோ ஒருவர் நாற்பது என்றார். டைல்ஸ் கடைக்காரர் ஒருவர் வந்திருந்தார். காலையில் தரையைக் குனிந்து குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கியவர். அவர் ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போனார். நாற்பத்திரண்டு. நாற்பத்துமூன்று. சூட்கேஸ் நாற்பத்துநாலு என்றார். தொண்டை ஒவ்வொரு எண்ணையும் தெருமுனைவரை கேட்கிற மாதிரி கூவினார். நடுநடுவே வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை: கட்டின ஆளே குடியிருந்த வீடு, வாடகைக்கு விடாத வீடு, ஒருத்தர் கண்ணீர் விழாத வீடு. இதெல்லாம் எல்லா ஏலத்திலும் சொல்கிறதுதான். அப்பா கற்றுக்கொடுத்த வாய்ப்பாடு.

அவள் எண்களை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஐம்பது வரட்டும், ஐம்பது வரட்டும். போர்வை எழும்பித் தணிந்தது. அப்பா அருகில் செத்துக்கிடக்க, தான் எண்ணை நினைத்துக்கொண்டிருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்தும் நிறுத்த முடியவில்லை.

நாற்பத்தாறில் தொய்ந்தது. டைல்ஸ்காரர் மனசே இல்லாத மாதிரி, “நாப்பத்தேழு,” என்றார்.

“நாப்பத்தேழு. நாப்பத்தேழு. கேக்கறவங்க கேக்கலாம். வீடு ஒண்ணு, வாய்ப்பு ஒண்ணு. நாப்பத்தேழு ஒரு தரம்.”

 அவள் திரை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தாள். சூட்கேஸ் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன்னால் இருந்தவரின் தோள் மறைத்தது, அவர் கை தெரியவில்லை.

“நாப்பத்தேழு ரெண்டு தரம்.”

தொண்டை அங்கே நிறுத்தினார். நிறுத்திவிட்டு மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

“அண்ணே, என் சத்தம் கேக்குதா?”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். அவள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். வெளியே சிரிப்பு அடங்கிற்று. அடங்கிய பிறகு வந்த அமைதி நீண்டுகொண்டே போயிற்று.

“பெரியவர் சத்தத்தையே காணோமே,” என்றது ஒரு குரல்.

“இவ்வளவு நேரம் ஒரு தட்டுக்கூடத் தட்டலையே. அவர் அப்படிச் சும்மா இருக்கிற ஆள் இல்லையே,” என்றது இன்னொரு குரல்.

“உள்ள இருக்கிறாரா, இல்லையா?”

அழுகையை அடக்கியாயிற்று, கட்டை அவிழ்த்தாயிற்று, விசிறி வைத்தாயிற்று. இந்த மௌனத்தை யாரும் யோசிக்கவில்லை. திரை இடுக்கில் அண்ணனின் முகம் தெரிந்தது. ஜன்னலை ஒட்டி நின்றுகொண்டு உள்ளே பார்த்தான்.  அந்த முகத்தை அவள் சின்ன வயதில்கூடப் பார்த்ததில்லை. கெஞ்சுகிற முகம்.

அவள் ஸ்டூலிலிருந்த டம்ளரை எடுத்தாள். அப்பா குடித்து மிச்சம் வைத்த தண்ணீர் அதில் இருந்தது. அதைத் தரையில் கொட்டினாள். டம்ளரைக் கட்டில் கம்பியில் தட்டினாள். கை தன் போக்கில் இரண்டு தட்டு தட்டிற்று.

வெளியே குபீரென்று சிரித்தார்கள். நிம்மதிச் சிரிப்பு.

அதே கணம் சமையலறையில் ஏதோ உருண்டு விழுந்தது. முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டே நடக்கிற அம்மா, சுவரைப் பிடிக்காமல் ஓடிவந்து அறை வாசலில் நின்றாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒரு வெளிச்சம். கட்டிலைப் பார்த்தாள். பிறகு மகளின் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

அவள் டம்ளரை மறைக்கப் பார்த்தாள். எங்கே மறைப்பது என்று தெரியவில்லை.

அம்மா திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, சமையலறைக்கு நடந்தாள்.

“மூணு தரம்,” என்று வெளியே தொண்டை கூவினார். ஓங்கி ஒரு கைதட்டல். “முடிஞ்சுது. நாப்பத்தேழு. டைல்ஸ் கடை ஐயாவுக்கு.”

அவளுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. நாற்பத்தேழா? இப்படி எப்படி முடியும்? வெளியே ஒரே சலசலப்பு. அதற்கு மேலாக சூட்கேஸின் குரல்.

“என்னப்பா இது? வாயைத் திறக்கிறதுக்குள்ள முடிச்சுட்டே? நான் கேக்கப் போறேன்னு தெரியலையா உனக்கு?”

“பெரியவர் முடிச்சுட்டார் சார், நான் என்ன பண்றது,” என்றார் தொண்டை.

அந்த வார்த்தை அவளைக் கட்டிலோடு சேர்த்து அறைந்த மாதிரி இருந்தது. எதற்கென்று இன்னும் தெரியவில்லை.

சற்று நேரத்தில் தொண்டை அறைக்குள் வந்தார். மேல்துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கொஞ்சம் வருத்தம், கொஞ்சம் உரிமைக் கோபம்.

“என்னண்ணே அவசரம்? இன்னும் ரெண்டு மூணாவது ஏறியிருக்குமே. சூட்கேஸ் பூட்டுல கையை வெச்சுட்டான். நான் கண்ணால பாக்கிறேன். அண்ணன் பொறுன்னு சொல்வீங்கன்னுதான் ரெண்டோட நிறுத்தி உங்களைக் கேட்டேன்.” அவளிடம் திரும்பினார். “அப்பா தூங்கிட்டாரா மறுபடியும்? உனக்குத் தெரியாதும்மா. இது எங்களுக்குள்ள இருக்கிற கணக்கு. தொண்டை போனதுலேருந்து இப்படித்தான். ஒரு தட்டு தட்டினா பொறுன்னு அர்த்தம். எவன்கிட்டயோ இன்னும் இருக்குன்னு அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும். ரெண்டு தட்டினா முடிச்சுடு. அண்ணன் ரெண்டு தட்டினா நான் ஏன் எதுக்குன்னு கேக்கிறதில்லை. வாய் தானா மூணு சொல்லிடும். இன்னிவரைக்கும் அவர் கணக்குத் தப்பினதில்லை. இன்னிக்குத்தான் ஏன்னு...”

பேச்சு அப்படியே நின்றது. போர்வை எழும்பித் தணிந்துகொண்டிருந்தது. அவர் விசிறியைப் பார்த்தார். தாடைக்குக் கீழே தெரிந்த துண்டின் மடிப்பைப் பார்த்தார். எட்டி விசிறியை நிறுத்தினார். போர்வை அடங்கிற்று.

“எப்ப?” என்றார். அவ்வளவு பெரிய குரல் எங்கே போயிற்றோ, அவளுக்கே எட்டாத மாதிரி வந்தது.

“விடியற நேரம்.”

அவர் அவள் கையைப் பார்த்தார். டம்ளர் இன்னும் அங்கேயே இருந்தது. யார் தட்டியது என்று அவர் கேட்கவில்லை.

“சித்தப்பா, மறுபடி ஒரு தடவை கூப்பிட முடியாதா? சூட்கேஸ் இன்னும் போகலையே. தப்பா முடிஞ்சு போச்சுன்னு சொல்லலாமே,” என்றாள். தான் பேசுவது அவளுக்கே சின்னக் குழந்தை பேசுவது போலக் கேட்டது.

“மூணு சொல்லிட்டா முடிஞ்சுதும்மா.”

“அம்மாவுக்கு...”

“தெரியும்மா. அண்ணன் என்கிட்ட எழுதிக் காட்டியிருக்கார். தரைத்தளம், ரெண்டு ரூம், படி கிடையாது. எல்லாம் தெரியும்.” கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “ஆனா மூணு சொல்லிட்டா யாரு வந்தாலும் திருப்ப முடியாது. உங்கப்பா வந்தாலும் திருப்ப மாட்டார்.”

அண்ணன் உள்ளே வந்தான். டைல்ஸ்காரரோடு கையெழுத்துப் பேச்சை முடித்துவிட்டு வந்திருந்தான். தொண்டையின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டான்.  சுவரில் சாய்ந்து நின்றான்.

“மூணு கம்மி,” என்றான். “வெறும் மூணு. என்ன சித்தப்பா இது? சூட்கேஸ் கேக்கப் போறான்னு ஜன்னலோரம் நின்ன எனக்கே தெரிஞ்சுதே. ஏன் அப்படி அடிச்சுப் பிடிச்சு முடிச்சீங்க?”

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிட வேண்டும். தான்தான் என்று சொல்லிவிட்டால்கூடப் போதும், நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருப்பது கொஞ்சமாவது இறங்கும்.

தொண்டை முந்திக்கொண்டார். “என் தப்புதான் தம்பி. நான்தான் அவசரப்பட்டுட்டேன்.”

“எத்தனை வருஷ அனுபவம் உங்களுக்கு.”

“ஆமா தம்பி. புத்தி எங்கேயோ போயிடுச்சு.”

அண்ணன் திரும்பி சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தான். “அம்மா, வா. இனிமே பரவாயில்லை.”

அம்மா வந்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சுருட்டி வைத்த துண்டை எடுத்துவிட்டு, காலையில் கிழித்த துணியை இடுப்பிலிருந்து உருவினாள். நாள் முழுக்க அதை அங்கேயே செருகி வைத்திருந்திருக்கிறாள். தாடைக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். உடம்பு விறைத்துப் போயிருந்தது. வாய் பாதி திறந்தபடியேதான் நின்றது. முடிச்சை இறுக்கிப் பார்த்தாள். பிறகு விட்டுவிட்டாள்.

“எவ்வளவுக்குப் போச்சு?” என்று கேட்டாள்.

“நாப்பத்தேழும்மா.”

தலையை ஆட்டினாள். ஏலக்காரர் பெண்சாதிக்கு யாரும் கணக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. “சரி,” என்றாள். “முதல் மாசம் யார் வீட்டுக்கு?”

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். யாரும் அழவில்லை. காலையில் அவ்வளவு முட்டிக்கொண்டு வந்த அழுகையை இப்போது அழலாம் என்று விட்டபோது அது இருந்த இடமே தெரியவில்லை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அழுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிற மாதிரிப் பார்த்தாள். இன்றைக்கு முழுக்க இவரை ஒரு தடவைகூட அப்பாவாகப் பார்க்கவில்லை என்று தோன்றியது. அதற்கும் அழுகை வரவில்லை.

முற்றத்தில் வாடகைக் கடை ஆட்கள் நாற்காலிகளை மடித்து அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். அண்ணன் வெளியே போய் அவர்களிடம் ஏதோ சொன்னான். சத்தம் நின்றது. பிறகு, மடித்த நாற்காலிகள் ஒவ்வொன்றாக மறுபடி விரிகிற சத்தம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக, ஏலம் கேட்ட அதே இடங்களிலேயே உட்கார்ந்தார்கள். சூட்கேஸ் பெட்டியைத் தரையில் வைத்தார். டைல்ஸ்காரர் மட்டும், இனி தன்னுடையதாகப் போகிற வீட்டின் முற்றத்தில், உட்காரலாமா என்று தெரியாதவர் போல நின்றுகொண்டிருந்தார். கடைசியில் மிச்சம் இருந்தது ஜன்னலை ஒட்டிய அந்த நாற்காலி ஒன்றுதான். அவர் அதில் உட்கார்ந்தார்.

தொண்டை அவள் பக்கத்தில் வந்து நின்றார். டம்ளரைப் பிடித்திருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார். டம்ளரை வாங்கி, ஸ்டூலின் மேல், துளி சத்தம் வராமல் வைத்தார்.